முழுக் கணக்கில் ஓர் அறை

கிளெர்மோன் பிரசார் சூப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "பானல்ல இடமில்ல."

"ஒரே ஒரு ஹீட்டர். அதுக்குக்கூடவா?"

"இல்லன்னா இல்ல, கிழவி."

ஜெர்வேஸ் ரொட்டி அறுப்பதை நிறுத்தவில்லை. அவள் கேட்டது பெரிய காரியமில்லை. சமையலறையை ஒட்டிய அறையில், ஜன்னலுக்குக் கீழே, சுவரோரமாக ஒரு ஹீட்டர். சாகனே ஆற்றங்கரையில் சென்-ஃபிர்மேன் ஊரில் பாதி வீடுகளுக்கு ஹீட்டர் வைத்துக் கொடுத்தவன் அவள் புருஷன். அவனே இல்லை என்றால் வேறு யாரிடம் போய்க் கேட்பது?

கேட்டதற்குக் காரணம் அவள் அப்பா ஒனேசிம். இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, கட்டில் வேண்டும் என்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லையென்றால், ஜெர்வேஸ் வேலை பார்க்கும் இல்லத்தில் கட்டில் காலி இல்லாததால், வடகரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பனிக்காலத்தில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்ப முடியாது. மாடிப்படி செங்குத்து, கிழவரை ஏற்ற முடியாது. கூடத்துக்குக் கதவு கிடையாது, வைத்துக் குளிப்பாட்ட முடியாது. கீழ்த்தளத்தில் மிச்சமிருப்பது அந்த ஓர் அறைதான். அது அவர்கள் மகள் மார்லேன் இருந்த அறை. அவள் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது.

"எண்ணெய் உலையைத் தூக்கிப்போட்டப்பவே அதுக்கும் சேத்து வெச்சிருக்கணும்" என்றாள் ஜெர்வேஸ்.

"வெச்சிருக்கணும்தான்."

"இப்ப என்ன பண்றது?"

"உப்பு கம்மியா இருக்கு" என்றான் கிளெர்மோன். பட்டாணி சூப்பில் பன்றிக்கறி போட்டு, அதிலேயே உப்பு ஏறியிருந்தது. அவன் பேச்சை மாற்றுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் நிலவறையில் இருந்த மின்பெட்டியை, அந்தப் பானலைப் பற்றி அவன் சொன்னதைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை. ஊரில் யாருக்கும் தோன்றாது.

அவன் கணக்கு அப்படிப்பட்டது. எண்ணெய் விலை ஏறி, ஊரே நிலவறை உலைகளைக் கழற்றிவிட்டு மின்சாரத்துக்கு மாறிய நாட்களில், அவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் எல்லா அறைக்கும் நடப்பான். வடக்கு ஜன்னலா, தெற்கு ஜன்னலா, கூரை எவ்வளவு உயரம், சுவருக்குள் மரத்தூள் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பான். பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து, எந்த அறைக்கு எத்தனை வாட், அதற்கெல்லாம் சேர்த்து எத்தனை ஆம்ப் பானல், மீட்டரிலிருந்து பானலுக்கு வரும் கம்பி எவ்வளவு தடிமன் என்று சொல்லுவான். தேவைக்கு மேல் ஒரு ஆம்ப் கொடுக்க மாட்டான். கிளெர்மோன் சவப்பெட்டி செய்தால் செத்தவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் படுக்கவேண்டும் என்று மதுக்கடையில் கிண்டல் உண்டு.

வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். இவ்வளவு ஹீட்டர் இருக்கே, எல்லாம் சேர்ந்து ஓடினால் பானல் தாங்குமா என்பார்கள். அவன் பொறுமையாகச் சொல்லுவான்:

"விதி என்ன சொல்லுதுன்னா, ஹீட்டர் கணக்குல முதல் பங்குக்கு முழுசாப் போடு, அதுக்கு மேல வர்றதுக்கெல்லாம் முக்கால் போடுன்னு. ஏன்னா எல்லா அறையும் ஒரே நேரத்துல சூடு கேக்காது. நீங்க இங்க உக்காந்து சீட்டாடறீங்க. அப்ப மேல படுக்கையறை சும்மாக் கெடக்கு. படுக்கப் போனா இங்க சும்மாக் கெடக்கும். ஒரு ஆளு ரெண்டு அறையில இருக்க முடியாதில்ல?"

"எங்க மாமியாரைப் பாத்ததில்லையே நீ. எல்லா அறையிலயும் ஒரே நேரத்துல இருப்பா" என்றாள் ஒருத்தி.

"அவங்களுக்குத் தனி மீட்டர் வெச்சுடலாம்" என்றான் அவன். அது அவன் பாணி வேடிக்கை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு வரும்.

மார்லேன் போவதற்கு முன்னால் இன்னும் அதிகமாக வந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்து ஊர் மளிகைக் கடையில் வேலை பார்த்தாள், பதினெட்டு வயது. பிப்ரவரியில் ஒரு நாள் புயல் வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள். கடைக்குப் பக்கத்திலேயே தோழி வீட்டில் தங்கிவிடுவாள் என்று பெற்றவர்கள் நினைத்தார்கள். அவள் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்து, நெடுஞ்சாலை முனையில் இறங்கி, வீட்டை நோக்கி நடந்திருக்கிறாள். புயல் அடங்கியதும் பக்கத்துப் பண்ணை வேலியோரம் கண்டெடுத்தார்கள். அவளைத் தேடிப் போகாமல் அவர்கள் தூங்கிய அந்த இரவு எண்ணெய் உலை நன்றாக எரிந்து, வீடு போர்வை வேண்டாத அளவுக்குச் சூடாக இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், மின்சாரத்துக்கு மாறியபோது, ஊரில் எல்லோரும் பழைய உலையை இரும்புக்காரனுக்குக் கொடுத்தார்கள். கிளெர்மோன் தன் வீட்டு உலையைத் தன் கையாலேயே சம்மட்டியால் உடைத்தான். ஜெர்வேஸ் அப்போது முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தாள். திரும்பி வந்தபோது தூள் தூளாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கினாள். எதுவும் கேட்கவில்லை.

அந்த அறையை அடக்கம் முடிந்த அன்று சாத்தினார்கள். இந்தப் பக்கத்தில் அறையைச் சாத்துவது புதிதல்ல. சூட்டை மிச்சம் பிடிக்க, நவம்பர் தொடக்கத்தில் சகல புனிதர் திருநாளுக்கு ஒரு அறையை மூடி, கதவடியில் மணல் நிரப்பிய துணி உருளையை வைத்து, ஈஸ்டருக்குத் திறப்பார்கள். பிரசார் வீட்டில் அந்த அறை ஜூலையிலும் திறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பனிக்காலத்தில் அந்தக் கதவு ஒரு ஆளைப் போல நிற்கும். சமையலறையைக் கடக்கும்போது கணுக்காலில் குளிர் வந்து படும். துணி உருளை தானாக ஒரு விரல் அளவு நகர்ந்திருக்கும். காற்று தள்ளுகிறது என்று ஜெர்வேஸ் காலால் அதைத் திரும்ப ஒட்டித் தள்ளுவாள். இல்லத்தில் இருபது வருஷமாக இறந்தவர்களைக் கழுவித் துடைத்தவள் அவள். குளிர்வது உயிருள்ளவர்களுக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் உருளையைத் தள்ளும்போது அந்தப் பக்கமிருந்தும் யாரோ காலை வைத்திருப்பது போல ஒரு கனம் தட்டும். மணல் என்று சொல்லிக்கொண்டு போய்விடுவாள்.

கிளெர்மோனும் அந்தக் கதவைச் சும்மாக் கடக்க மாட்டான். தொப்பி போட்டிருந்தால் கழற்றிக்கொள்வான். சாயங்காலத்தில் நிலவறைக்கு இறங்கிப் பானல் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வருவான். பழைய எலெக்ட்ரீஷியன்கள் சூடேறியிருக்கிறதா என்று அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார்கள். தொழில் பழக்கம் என்று விட்டுவிட்டாள்.

பானலில் இடமில்லை என்று அவன் சொன்ன மறுநாள் அவள் கடையிலிருந்து ஒரு சின்ன ஹீட்டர் வாங்கி வந்தாள், பிளக்கில் செருகுவது. சாயங்காலம் வந்த கிளெர்மோன் அதை எடுத்துக்கொண்டுபோய்த் தன் வண்டியில் போட்டுப் பூட்டினான்.

"அதால எரிஞ்ச வீடு ரெண்டு பாத்திருக்கேன்" என்றான்.

"அப்ப நீ ஒண்ணு வை."

"சொன்னேனே."

"கிளெர்மோன், நான் சொல்றதைக் கேளு. விழுந்த பக்கத்துக்கு நடுங்கக்கூட வராது. குளுருதுன்னு அவருக்கே தெரியாது. தோல் வெள்ளையாப் போகும், அப்பறம் புண்ணாகும், அப்பறம் அது எலும்பு வரைக்கும் போகும். நான் பாத்துப் பாத்துக் கட்டுக் கட்டினவ. இருபத்திரண்டு டிகிரி வேணும். அறையைப் பாக்க ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு பொண்ணு தெர்மாமீட்டரோட வருவா."

அவன் கோட்டைக் கழற்றி மாட்டினான்.

"மாமாவை மேல தூக்கிட்டுப் போலாம். நானும் ரோசேரும்."

"ஒவ்வொரு தடவை கக்கூஸுக்கும் நீயும் ரோசேரும் வருவீங்களா?"

கிளெர்மோன் பூட்ஸைக் கழற்றக் குனிந்தான்.

ரோசேர் என்றதும் ஜெர்வேஸுக்கு ஒரு யோசனை வந்தது: பானலை அவனைப் பார்க்கச் சொன்னால் என்ன? ரோசேர் கோத்தே ஒரு காலத்தில் கிளெர்மோனின் கூட்டாளி. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் எத்தனை ஆம்ப் என்று சண்டை வந்து தொழிலில் மட்டும் பிரிந்தவர்கள். ரோசேர் எல்லா வீட்டுக்கும் இருநூறு ஆம்ப் வைப்பவன். பெரிதாக வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்பான். ஜெர்வேஸோடு ஒரே பள்ளியில் படித்தவன். கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும், அந்தப் பக்கத்து வழக்கப்படி, பீடம், கிண்ணம் என்று கோயில் சாமான் ஒன்றைச் சொல்லித்தான் திட்டுவான்.

கிளெர்மோன் மேற்கே ஒரு மரம் அறுக்கும் ஆலைக்கு வேலைக்குப் போயிருந்த காலையில் அவனை வரச் சொன்னாள்.

"நான் அவன் பானலைத் தொறந்தேன்னு தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவான்" என்றான் ரோசேர், பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே.

"கொல்லட்டும். உன்னைக் கழுவி வெக்க நான் இருக்கேன்."

"கையைச் சூடு பண்ணிட்டுத் தொடு, சொல்லிட்டேன்."

அவன் வீட்டைச் சுற்றி நடந்தான். கூடம், சமையலறை, மேலே இரண்டு படுக்கையறை, குளியலறை, நிலவறை. ஒவ்வொரு ஹீட்டரின் ஓரத்திலும் ஒட்டியிருந்த வாட் எண்ணைக் குனிந்து படித்தான். மூடிய கதவுக்கு முன்னால் வந்தபோது "இது?" என்றான்.

"அதுல ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் வேணும்."

அவன் தலையசைத்துவிட்டு நிலவறைக்கு இறங்கினான். சாக்குக்கட்டியை எடுத்து, தலைக்குமேல் போன உத்தரத்தில் எழுதிக் கூட்டினான். அடுப்பு, வெந்நீர்த் தொட்டி, துணி உலர்த்தி, விளக்குகள், ஹீட்டர்கள். முதல் பங்குக்கு முழுசு, மிச்சத்துக்கு முக்கால். கூட்டி முடித்துவிட்டுப் பானலைப் பார்த்தான். பிறகு மறுபடி உத்தரத்தைப் பார்த்தான்.

"பீடமே, இது என்ன நூத்தம்பது ஆம்ப்?"

"ஏன், தப்பா?"

"தப்பு என்ன. வேற எவன் வீடா இருந்தாலும் நான் கண்டுக்கமாட்டேன். ஆனா இவன் கணக்குல இந்த வீட்டுக்கு நூத்திருபத்தஞ்சு போதும். நூத்திப் பதினெட்டுதான் வருது. எவனுக்கும் ஒரு ஆம்ப் கூடுதலாக் குடுக்காதவன், மெயின் கம்பியைப் பாரு, கட்டைவிரல் தடிமனுக்கு இழுத்திருக்கான்."

"சொந்த வீடாச்சே."

"நீ அவனோட முப்பது வருஷமாக் குடித்தனம் பண்றே. சொந்த வீடுன்னு உனக்கு எப்பவாவது ரெண்டு ஜோடி பூட்ஸ் வாங்கிக் குடுத்திருக்கானா?"

"இல்ல."

"பின்ன?"

அவன் மெயினை இறக்கிவிட்டு, கைவிளக்கை அவளிடம் கொடுத்து, திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தான். உள்ளே கம்பிகள் தலைவாரிவிட்டது போல ஒழுங்காகப் போயின. அவன் உச்சுக் கொட்டினான், பொறாமையில். ஒவ்வொரு பிரேக்கர் சுவிட்சுக்குப் பக்கத்திலும் கிளெர்மோனின் சின்ன எழுத்து: கூடம், சமையல், குளியல். கடைசி வரிசையில் ஒன்றுக்கு மட்டும் பெயர் இல்லை. ஜெர்வேஸ் அதைப் பல தடவை பார்த்திருக்கிறாள். உபரி என்று நினைத்திருந்தாள்.

"இதுதான் காலி இடமா?" என்றாள்.

"காலியா? கம்பி மாட்டியிருக்கே." ரோசேர் குனிந்தான். "ரெண்டாயிரம் வாட் ஹீட்டருக்கு இழுக்கிற கம்பி. பிரேக்கர் இறக்கியிருக்கு, ஆனா எல்லாம் முடுக்கியிருக்கு. இது எங்க போகுது?"

விளக்கைப் பிடித்துக்கொண்டு கம்பியின் பின்னால் போனார்கள். உத்தரத்தை ஒட்டி, ஆணி அடித்து, நேர்க்கோடாகப் போய், ஒரு துளை வழியாக மேலே ஏறியது. தலைக்கு மேல் எந்த அறை என்று இருவருக்கும் தெரிந்தது. இருவரும் சொல்லவில்லை.

மேலே வந்து ஜெர்வேஸ்தான் துணி உருளையைக் காலால் விலக்கிக் கதவைத் திறந்தாள். குளிர் முகத்தில் ஈரத்துணி போல வந்து விழுந்தது. கட்டில், போர்த்தி வைத்தபடி. ஆணியில் மார்லேனின் நீலக் கோட்டு. மேசையில் சீப்பு. ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் முழுக்கப் பனி படிந்து, வெளிச்சம் பாலில் ஊறியது போல வந்தது. ரோசேர் தொப்பியைக் கழற்றினான். ஜன்னலுக்குக் கீழே, தரையை ஒட்டி, சின்னத் தகடு ஒன்று. திருகைக் கழற்றினான். உள்ளே இரண்டு கம்பிகள் மடித்து, நுனியில் பிளாஸ்டிக் மூடி போட்டு வைத்திருந்தன.

"எல்லாம் தயாரா இருக்கு. ஹீட்டர் மட்டும்தான் இல்ல" என்றான். குரல் இறங்கியிருந்தது.

நிலவறைக்குத் திரும்பிப் போய் உத்தரத்தில் இன்னொரு தடவை கூட்டினான். இந்தத் தடவை மெதுவாக. பிறகு சாக்குக்கட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன?" என்றாள் ஜெர்வேஸ்.

"முழுசாப் போடற முதல் பங்கை மத்த அறைங்களே தின்னுடுது. இந்த அறைக்கு முக்கால்தான் போடணும். போட்டா நூத்திருபத்தஞ்சுக்குள்ள அடங்கிடுது. முழுசாப் போட்டாத்தான் தாண்டுது. ஒரே ஒரு ஆம்ப். அதுக்காகத்தான் நூத்தம்பது வெச்சு, இந்த மெயினை இழுத்திருக்கான்." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "எங்க சண்டையே இந்த முக்காலுக்குத்தான். முழுசாப் போடறது முட்டாத்தனம்னு என்னைக் கேலி பண்ணினவன் அவன். ஆள் இல்லாத அறைக்கு முழுசாப் போட்டிருக்கான்."

காபி வேண்டாம் என்றான். ரோசேர் காபியை மறுத்ததை ஜெர்வேஸ் அன்றுதான் பார்த்தாள். வண்டியை ரிவர்ஸில் எடுக்கும்போது அஞ்சல் பெட்டியை இடித்துவிட்டுப் போனான்.

கிளெர்மோன் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட்டான். வாசலில் பூட்ஸைக் கழற்றப் போனவன், துணி உருளை விலகிக் கிடந்ததைப் பார்த்தான். பூட்ஸோடேயே உள்ளே வந்தான். நிலவறைக்குப் போய்விட்டு ஏறி வந்தான்.

"ரோசேர் வந்தானா?"

"வந்தான்."

"அவன்தான் உத்தரத்துல எழுதுவான். கழுதை." உட்கார்ந்தான். பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் பரவியது. ஜெர்வேஸ் துடைக்க எழவில்லை.

"பானல்ல இடமிருக்கு" என்றாள்.

"இருக்கு. ஆனா ஒதுக்கி வெச்ச இடம்."

"யாருக்கு ஒதுக்கினே?"

அவன் அந்தக் கதவைப் பார்த்தான்.

"சரி. ஒதுக்கினது இருக்கட்டும். ஏன் முழுசாப் போட்டே? ஊரெல்லாம் போய் நீதான சொல்லுவே, ஒரு ஆளு ரெண்டு அறையில இருக்க முடியாது, ஒண்ணு ஓடினா ஒண்ணு சும்மா இருக்கும்னு?"

"மத்தவங்க ஒரு அறையை விட்டு இன்னொரு அறைக்குப் போவாங்க" என்றான் கிளெர்மோன். வாடிக்கையாளரிடம் கம்பியின் தடிமனைச் சொல்லுகிற அதே குரல். "அவ எங்கயும் போகமாட்டா."

ஜெர்வேஸ் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ அவளைப் பாத்தியா?" என்றாள், ஒரு நோயாளியிடம் வலி எங்கே என்று கேட்பது போல.

"இல்ல. பாத்தா சொல்லியிருப்பேன்."

"சத்தம்?"

"இல்ல."

"பின்ன?"

அவன் கையை மேசைமேல் வைத்துப் பிரித்துப் பார்த்தான். விரல் நுனிகளெல்லாம் வெடித்திருந்தன. குளிர்காலத்தில் தாமிரக் கம்பி செய்கிற வேலை அது. தினமும் வாஸலின் தடவச் சொல்லுவாள், தடவமாட்டான்.

"வாசனை" என்றான்.

"எங்க?"

"ஜூலையில சாவித் துவாரத்துல வரும். நீ வேலைக்குப் போனப்பறம் மண்டி போட்டு மோந்து பாப்பேன். அவ ஷாம்பூ, அந்தப் பச்சை ஆப்பிள். அப்பறம் அந்தக் கம்பளிக் கோட்டு. சூடு இருந்தாத்தான் வரும். வந்தா கொஞ்சம் கொறஞ்சிடும். ஒவ்வொரு கோடைக்கும் கொறஞ்சுகிட்டே வருது, ஜெர்வேஸ், போன வருஷம் பாதிகூட இல்ல. குளிர் வந்தா அப்படியே நின்னுடும். கெட்டியா. உலையைக் கழட்டினப்ப கம்பியெல்லாம் இழுத்துட்டேன், ஹீட்டரும் வாங்கி வெச்சேன். அப்பறம் கணக்குப் போட்டுப் பாத்தேன். ராத்திரி பகல்னு சூடு ஓடினா ஒரு மாசத்துல தீந்துடும்."

"ஹீட்டர் எங்க?"

"கொட்டகையில."

"அஞ்சு வருஷமா?"

"அஞ்சு வருஷமா."

"குளுர்ல கெடக்கட்டும்னு விட்டுட்ட. முழுக் கணக்கும் போட்டுட்டு."

"சூடு போட்டா போயிடுவா. போடலன்னா குளுரும். ரெண்டுக்கும் எனக்கு மனசு வரல." அவன் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "இடம் மட்டும் வெச்சேன்."

ஜெர்வேஸுக்கு அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, அந்த வெடித்த விரல்களுக்கு வாஸலின் தடவலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. இத்தனை வருஷம் அவள் காலால் உருளையைத் தள்ளியபோதெல்லாம் அவன் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். தானும் ஏன் ஒருநாள்கூட அந்தக் கதவைத் திறக்கவில்லை என்றும் நினைத்துப் பார்த்தாள். அவள் கதவைத் திறக்கிறவள். இல்லத்தில் யாரும் திறக்கத் தயங்கும் கதவுகளை அவளைத்தான் திறக்கச் சொல்லுவார்கள்.

"எங்கப்பா உசுரோட இருக்காரு" என்றாள்.

"தெரியும்."

"வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு வரா. அவரையும் அன்னிக்கே கொண்டுவராங்க. அறை குளுந்தா அப்படியே வடகரைக்கு வண்டியைத் திருப்பிடுவாங்க."

"தெரியும், தெரியும்."

எழுந்து, உருகிய பனியைத் துடைத்தாள். அவன் காலைத் தூக்கிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவன் கொட்டகையிலிருந்து ஹீட்டரைக் கொண்டுவந்தான். அட்டைப்பெட்டியில் எலி ஒரு மூலையைக் கடித்திருந்தது. முழங்காலிட்டு, தகட்டைக் கழற்றி, கம்பிகளை நீட்டி முடுக்கினான். ஜெர்வேஸ் கட்டிலிலிருந்து போர்வையையும் விரிப்பையும் உருவினாள்.

"அதைத் துவைக்காதே" என்றான், திரும்பாமல்.

"அப்பா படுக்கப் போற கட்டில், கிளெர்மோன். ஒன்பது வருஷத்துத் தூசி. அவர் நெஞ்சு தாங்காது."

"தலகாணி உறையாவது."

அவள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டாள். கோட்டை மட்டும் ஆணியிலேயே விட்டாள்.

அவன் நிலவறைக்குப் போனான். அவள் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். கீழே பிரேக்கர் ஏறும் சத்தம் கேட்டது. ஹீட்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு பெயிண்டும் எண்ணெயும் கருகும் நாற்றம் எழுந்தது. புது ஹீட்டர் முதல்முதலாகச் சூடேறும்போது வருவது. கிளெர்மோன் வந்து நிலைப்படியில் நின்றான். உள்ளே வரவில்லை.

ஜன்னலில் பனி மேலிருந்து கழன்றது. முதலில் ஒரு கோடு, பிறகு பல கோடுகள், பிறகு கண்ணாடி முழுக்கத் தண்ணீராக இறங்கி, சட்டத்தில் தேங்கி, சுவரில் வழிந்தது. ஜெர்வேஸ் துணியை வைத்தாள். துணி நனைந்தது. இன்னொன்று வைத்தாள். அதுவும். ஒரு சின்ன ஜன்னலில் இவ்வளவு தண்ணீர் எங்கே இருந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. பிழிந்து பிழிந்து வாளியில் ஊற்றினாள்.

வாளியோடு திரும்பும்போதுதான் வந்தது. கருகல் நாற்றத்துக்கு அடியில், பச்சை ஆப்பிள். அதற்கும் அடியில், பனியில் நனைந்து வந்து அடுப்பருகே உலரும் கம்பளி. அவள் பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு, அம்மா பசிக்குது என்று வருகிற வாசனை. யாரோ தோளோடு தோள் உரசிக்கொண்டு போனது போல அவள் ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டாள். வழிவிட்ட பிறகுதான் அப்படிச் செய்ததே அவளுக்குத் தெரிந்தது.

கிளெர்மோன் கண்ணை மூடிக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்திருந்தான். மூச்சை உள்ளே இழுத்து, விடாமல் வைத்திருந்தான்.

தெர்மாமீட்டர் இருபதைத் தொட்டது. கருகல் நாற்றம் கண்ணை எரித்தது. பக்கவாதக்காரருக்கு இந்தப் புகை ஆகாது, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் ஆகவேண்டும். அவள் கொக்கியில் கையை வைத்தாள்.

"கொஞ்ச நேரம்" என்றான் அவன்.

அவள் இருந்தாள். காரியத்தைத் தள்ளிப் போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆனாலும் கையைக் கொக்கியிலிருந்து எடுக்காமல், திறக்காமல் இருந்தாள். கலப்பை வண்டி தெருப் பனியைத் தள்ளிக்கொண்டு போனது. ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. வாசனை இருந்தது, பிறகு இருக்கிறதா என்று தேடவேண்டியிருந்தது.

ஆம்புலன்ஸ் சந்தில் திரும்பும் சத்தம் கேட்டதும் அவள் ஜன்னலைத் திறந்தாள். கிளெர்மோன் தடுக்கவில்லை. காற்று அறைக்குள் புகுந்து, கோட்டின் கையைத் தூக்கி அசைத்து, கதவு வழியாகச் சமையலறைக்குப் போயிற்று. அவன் அதற்கு வழிவிட்டு நகர்ந்தான். அறை காலியாகும்வரை திறந்து வைத்திருந்துவிட்டு மூடினாள்.

இரண்டு ஆட்கள் ஒனேசிமை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். பின்னாலேயே ஆஸ்பத்திரிப் பெண் வந்து, தெர்மாமீட்டரைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் பண்ணினோம், கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும் என்றாள் ஜெர்வேஸ். உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள் அந்தப் பெண். உட்காரு, காபி தருகிறேன் என்றாள் ஜெர்வேஸ். காபி முடிவதற்குள் முள் இருபத்திரண்டுக்கு வந்தது. அந்தப் பெண் ஹீட்டரின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

"வீடு முழுக்க எல்லாம் ஓடினாலும் இது தாங்குமா?" என்று கிளெர்மோனிடம் கேட்டாள்.

"தாங்கும். முழுக் கணக்குல போட்டது" என்றான்.

அவர்கள் போனபிறகு கிழவர் பாதி வாயால் பேசினார். எழுத்துகள் ஒன்றோடொன்று வழுக்கின. ஜெர்வேஸுக்கு அந்தப் பேச்சு பழக்கம். கிளெர்மோன் குனிந்து கேட்டான்.

"யாரு இந்த அறையில இருந்தது? படுக்கை இன்னும் அவங்க படுத்தாப்ல பள்ளமா இருக்கே."

"யாருமில்ல மாமா. மெத்தை பழசு."

"என்னால அவங்களுக்கு எடமில்லாம போச்சோ?"

ஜெர்வேஸ் போர்வையின் கால்பக்கத்தைத் தூக்கினாள். வலது குதிகால் ஒரு காசளவுக்குச் சிவந்திருந்தது, ஆஸ்பத்திரியில் கவனிக்கவில்லை.

"பேசாதீங்கப்பா. கிளெர்மோன், இந்தக் காலைப் பிடி. கணுக்கால்ல பிடி, குதிகால் மெத்தையில படக்கூடாது. இப்படியே தூக்கி வெச்சிரு, நான் தலகாணி கொண்டுவரேன்."

அவன் கட்டிலோரம் முழங்காலிட்டு அந்தக் கனமான, தன்னை அறியாத காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். அவள் திரும்பி வந்தபோதும் அப்படியே பிடித்திருந்தான், மூக்கை மட்டும் கோட்டின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு.